வீட்டில் இல்லாத சண்டை வெளியூரில் ஏன் வருகிறது?

அன்புள்ள ஆலோசகருக்கு,

எனக்கு வயது 41, கணவருக்கு 44. இருவரும் வேலைக்குப் போகிறோம். மகன் விடுதியில் தங்கிப் படிக்கப் போனபிறகு, வார இறுதியில் ஓர் இரவு வெளியே தங்கிவிட்டு வரும் வழக்கத்தைத் தொடங்கினோம். ஏதாவது ஒரு நகரத்தின் ஆற்றங்கரை அல்லது கடற்கரை நடைபாதை. இல்லையென்றால் ஊரை விட்டுத் தள்ளி, வயலும் மரமுமாக ஓர் இடம். நிதானமாக இருந்துவிட்டு வரவேண்டும், அவ்வளவுதான் ஆசை.

ஆனால் வீட்டில் பெரிதாகச் சண்டை போடாத நாங்கள், வெளியே போனால் முதல் நாள் மாலையே முட்டிக்கொள்கிறோம். வண்டி நிறுத்த இடமில்லை, அறை சரியில்லை, எங்கே சாப்பிடுவது என்று ஏதாவது வந்துவிடுகிறது. கரையோரம் என்றால் 'அந்தப் பாலம் வரை போவோம்' என்று அவர் முன்னால் நடந்துகொண்டே இருப்பார். எனக்கு ஒரு பெஞ்சில் உட்கார்ந்து தண்ணீரைப் பார்த்தால் போதும். கிராமப்புறம் என்றால் இருட்டியதும் இருப்புக் கொள்ளாமல் போனை நோண்டுவார். இடம் தேடுவது, பை அடுக்குவது, வழி பார்ப்பது எல்லாம் நான்தான். கேட்டால் 'உன் இஷ்டம்' என்பார்; போனபிறகு குறை சொல்வார். திரும்பும் வழியில் காருக்குள் பேச்சே இருக்காது. கடைசியாகப் போனபோது, கோபத்தில் 'இனிமேல் தனித்தனியாகவே போகலாம்' என்று சொல்லிவிட்டேன். நாங்கள் ஒத்துவராத ஜோடியா?

— பெயர் வெளியிட விரும்பாத வாசகி

அன்புச் சகோதரி,

உங்கள் கடிதத்தில் சண்டை வந்த நேரங்களை மட்டும் அடிக்கோடிட்டுப் பாருங்கள். வந்து சேர்ந்த மாலை, சாப்பிடும் இடத்தை முடிவுசெய்யும் நேரம், இருட்டிய பிறகு, திரும்பும் வழி. எல்லாமே ஒன்றை விட்டு இன்னொன்றுக்கு மாறுகிற நேரங்கள். பத்து நாள் பயணத்தில் இவை தெரியாமலே போய்விடும். சனி காலை 10 மணிக்குக் கிளம்பி ஞாயிறு மாலை 6 மணிக்கு வீடு திரும்பினால் மொத்தம் 32 மணி நேரம். தூக்கத்துக்கு 8, போக வர 6, அறை எடுக்க, காலி செய்ய, சாப்பிட 6 என்று கழித்தால் மிஞ்சுவது 12. அந்தப் பன்னிரண்டுக்குள் நிதானமும் வேண்டும், பாலமும் வேண்டும் என்றால் இடிக்கத்தான் செய்யும். ஒரு வழிப் பயணத்தை இரண்டு மணி நேரத்துக்குள் வைத்துக்கொள்ளுங்கள். பல தங்குமிடங்களில் மதியத்துக்குப் பிறகுதான் அறை தருவார்கள். முன்பே போய்ப் பையும் கையுமாகக் காத்திருப்பது முதல் சண்டைக்கு நல்ல முகூர்த்தம்! முதல் நாள் இரவு எங்கே சாப்பிடுவது என்பதைக் கிளம்புமுன்பே முடிவுசெய்துவிடுங்கள். பசியோடு போனில் கடை தேடும் இருவருக்கு எந்தக் கடையும் பிடிக்காது.

புது இடத்தில் முதல் இரவு தூக்கம் சரியாக வராது. 2016இல் பிரவுன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் இதற்கு ஒரு காரணத்தைக் கண்டார்கள்: அன்றைய ஆழ்ந்த தூக்கத்தில் மூளையின் ஒரு பாதி மற்றதைவிட விழிப்பாகவே இருக்கிறது. ஓர் இரவுப் பயணத்தில் இருப்பதே அந்த முதல் இரவுதான். எனவே ஞாயிறு காலைச் சிடுசிடுப்பை உடனே திருமணத்தின் கணக்கில் எழுதாதீர்கள். ஒவ்வொரு தடவையும் புது ஊர் என்ற ஆசையை விட்டுவிட்டு, இரண்டு இடங்களைத் தேர்ந்துகொண்டு அவற்றுக்கே திரும்பத் திரும்பப் போவது நல்லது. பழகிய இடம் என்றால் தூக்கம் சீராகும். வண்டி எங்கே நிறுத்துவது என்ற கேள்வியும் வராது. வீட்டுத் தலையணையை எடுத்துப் போவதைக் கேலி செய்தாலும் விடாதீர்கள்.

அடுத்தது அவருடைய நடை. ஆண்கள் தங்கள் துணையோடு நடக்கும்போது வேகத்தை ஏறத்தாழ 7 சதவீதம் குறைத்துக்கொள்வதாக 2013இல் வெளியான ஒரு சிறிய ஆய்வு சொல்கிறது. உங்கள் கணவர் குறைத்துக்கொள்ளாததால் அன்பு இல்லை என்று அர்த்தமில்லை. பாலம் கண்ணில் பட்டுவிட்டது, அவ்வளவுதான். கரையோரப் பாதையில் ஒரு வசதி உண்டு: அது ஒரே கோடு. போனவர் அதே வழியில்தான் திரும்ப வேண்டும், தொலைந்துபோக முடியாது. பாலம் இரண்டு கிலோமீட்டர் தள்ளி இருந்தால், மணிக்கு ஐந்து கிலோமீட்டர் வேகத்தில் போய்வர அவருக்கு ஐம்பது நிமிடம் ஆகும். நீங்கள் உட்காரும் பெஞ்சையும் அவர் திரும்பும் நேரத்தையும் முதலிலேயே பேசிக்கொள்ளுங்கள். வந்தபிறகு அரை மணி நேரம் உங்கள் வேகத்தில் இருவரும் நடங்கள். அந்த அரை மணியை அவர் தட்டிக்கழிக்கக் கூடாது என்பதுதான் ஒப்பந்தம். 'தனித்தனியாக' என்று கோபத்தில் சொன்னீர்களே, அதில் இந்த ஐம்பது நிமிட அளவுக்கு நியாயம் இருக்கிறது. மிரட்டலாகச் சொன்னதை வாபஸ் வாங்கிவிட்டு, ஏற்பாடாகச் சொல்லிப்பாருங்கள்.

கடலோரம் என்றால் நடையைக் காலையில் வையுங்கள். பகலில் நிலம் கடலைவிடச் சீக்கிரம் சூடேறுவதால் பிற்பகலில் கடற்காற்று வலுக்கும். காற்றில் பாதி வார்த்தை காதில் விழாது. 'என்ன?' என்று மூன்றாவது தடவை கேட்கும்போது குரல் உயர்ந்திருக்கும். எதிரில் இருப்பவருக்கு அது அதட்டலாகவே படும்.

கிராமப்புறத்துச் சிக்கல் வேறு வகை. அங்கே எழுந்து போவதற்குப் பாலம் இல்லை. வேலையின் களைப்பிலிருந்து மீள்வதைப் பற்றி 2007இல் சோனென்டாக், ஃபிரிட்ஸ் என்ற இரு ஆய்வாளர்கள் நான்கு அனுபவங்களைப் பிரித்துக் காட்டினார்கள்: வேலையை மனத்திலிருந்து இறக்கிவைப்பது, தளர்வாக இருப்பது, ஏதாவது கற்று அதில் தேர்வது, நேரம் தன் கையில் இருப்பது. நீங்கள் இரண்டாவதில் இளைப்பாறுகிறீர்கள். கடிதத்தைப் படித்த அளவில், அவர் மூன்றாவது ரகம். சும்மா இருப்பது அவருக்கு ஓய்வில்லை. கைக்கு ஏதாவது கொடுங்கள். நிலா இல்லாத இரவுகளைத் தேர்ந்து, விண்மீன் வரைபடம் ஒன்றை அச்செடுத்துப் போங்கள். கண் இருட்டுக்குப் பழக இருபது முப்பது நிமிடம் ஆகும். வெளிச்சமான போன் திரையை ஒரு தடவை பார்த்தால் அந்தப் பழக்கம் கலைந்துவிடும். 'போனை வை' என்று நீங்கள் சொல்ல வேண்டிய அவசியமே இருக்காது. வரைபடத்தைப் பார்க்க மங்கலான சிவப்பு விளக்கு போதும்.

அந்த அமைதியில் இன்னொரு தொல்லையும் உண்டு. வீட்டில் தள்ளிப்போட்ட பேச்செல்லாம் அங்கே எழுந்து வரும்: மகனின் படிப்பு, கடன், பெரியவர்களின் உடல்நிலை. கிளம்புவதற்கு இரண்டு நாள் முன்பு வீட்டிலேயே அரை மணி நேரம் ஒதுக்கி அவற்றைப் பேசுங்கள். முடியாததற்கு, திரும்பி வந்தபிறகு ஒரு தேதி குறித்துவிடுங்கள்.

எனக்கு முக்கியமாகப் படுவது அந்த 'உன் இஷ்டம்'தான். அது பெருந்தன்மைபோல ஒலிக்கிறது; நடைமுறையில் பொறுப்பு உங்களுக்கு, விமர்சனம் அவருக்கு என்று ஆகிறது. வீட்டில் யார் எதைச் செய்வது என்பது எப்போதோ முடிவானது, அதனால் சண்டை இல்லை. வெளியூரில் எல்லாவற்றையும் புதிதாகப் பேசி முடிவுசெய்ய வேண்டியிருக்கிறது. அந்தப் பேச்சில் உங்களுக்குப் பழக்கமில்லை. 'கொஞ்சம் உதவுங்கள்' என்று கேட்காதீர்கள். உதவி என்றால் யோசிக்கும் வேலை உங்களிடமே தங்கிவிடும். முழுத் துண்டாகப் பிரியுங்கள். நிதானமான ஒரு நேரத்தில் இப்படிச் சொல்லலாம்: 'தங்குவதும் சாப்பாடும் என் பொறுப்பு. வழி, பார்க்கிங், பகல் நேரம் உங்கள் பொறுப்பு. பணம் கட்டுவதற்கு முன்னால் யார் வேண்டுமானாலும் வேண்டாம் என்று சொல்லலாம். கட்டியபிறகு வீடு திரும்பும்வரை குறை சொல்லக் கூடாது.' இது எங்கே தடுக்கும் தெரியுமா? முந்தின நாள் இரவு, அவர் வழி பார்த்தாரா என்று உங்கள் கை போனுக்குப் போகும். விட்டுவிடுங்கள். அரை மணி நேரம் சுற்றினால் சுற்றட்டும். நீங்கள் திருத்தினால் அந்தத் துண்டு மறுபடி உங்களிடமே வந்துவிடும்.

திரும்பும் வழியை அலட்சியப்படுத்தாதீர்கள். ஓர் அனுபவத்தை நினைவில் எடைபோடும்போது அதன் உச்சத்துக்கும் முடிவுக்கும் அதிக இடம் கொடுக்கிறோம் என்பதை டேனியல் கானமனும் சகாக்களும் 1993இல் காட்டினார்கள். அவர்கள் சோதனையில், 14 டிகிரி குளிர்நீரில் 60 விநாடி கை வைப்பது ஒன்று. அதே 60 விநாடியோடு, நீர் ஒரு டிகிரி மெல்லச் சூடாகும் இன்னொரு 30 விநாடி சேர்ந்தது மற்றொன்று. எதை மறுபடி செய்வீர்கள் என்றதும் பெரும்பாலோர் நீண்டதையே தேர்ந்தார்கள். உங்கள் பயணங்கள் எல்லாம் மோசமாக நினைவில் நிற்பதற்குக் கடைசி ஒரு மணி நேர மௌனமும் ஒரு காரணம். ஞாயிறு மாலை நெரிசலுக்கு முன்பே கிளம்பி, பாதி வழியில் இருபது நிமிடம் வண்டியை நிறுத்தி இறங்குங்கள். செலவுக் கணக்கும் தவறு யாருடையது என்பதும் செவ்வாய்க்கிழமைக்குப் போகட்டும்.

ஒத்துவராத ஜோடியா என்று கேட்டீர்கள். ஓய்வெடுக்கும் விதம் வேறுபடுவதை வைத்து அப்படிச் சொல்ல முடியாது. குறை சொல்வது ஏளனமாக மாறுகிறதா, ஒரு சண்டை நாள்கணக்கில் நீள்கிறதா, பேசவே உங்களுக்குப் பயமாக இருக்கிறதா என்று பாருங்கள். இவற்றில் ஒன்றுக்கு ஆம் என்றாலும் பயண ஏற்பாடு போதாது. ஆலோசகரை நேரில் சந்தியுங்கள், பயம் இருந்தால் முதலில் தனியாக. இல்லையென்றால் அடுத்த பயணத்துக்கு ஏற்கெனவே போன கரையோரம் ஒன்றையே தேர்ந்து, பொறுப்பைப் பிரித்துக்கொண்டு போய்வாருங்கள். கிராமப்புறம் அதற்கடுத்த தடவை இருக்கட்டும்.