விளையாட்டுக் காயத் தடுப்பில் பிஎச்.டி.: கேட்டவர்களுக்குப் பதில்

மூன்று வருடமாகக் கிளினிக்கில் பிசியோவாக இருக்கிறேன். மருத்துவர் படிப்பு (எம்.பி.பி.எஸ்.) இல்லாமல் இந்தத் துறையில் பிஎச்.டி. சேர முடியுமா மேடம்?

தாராளமாக முடியும். பிசியோக்கள், பயோமெக்கானிக்ஸ் (உடல் அசைவின் இயக்கவியல்) படித்தவர்கள், புள்ளியியல்காரர்கள், உளவியல் படித்தவர்கள் என்று எல்லாரும் இதில் இருக்கிறார்கள். முதுகலையில் ஓர் ஆய்வையாவது முழுதாகச் செய்து எழுதியிருக்கிறீர்களா என்பதைத்தான் முதலில் பார்ப்பார்கள்.

தலைப்பை எப்படித் தேர்ந்தெடுப்பது? எதைத் தொட்டாலும் ஏற்கெனவே செய்துவிட்டார்கள் போலிருக்கிறது.

அப்படித் தோன்றுவது இயல்பு. காயத் தடுப்பு ஆய்வுக்கு 1992-ல் நெதர்லாந்து ஆய்வாளர் வான் மெக்கலனின் குழு நான்கு படிகளைச் சொன்னது: காயம் எவ்வளவு நடக்கிறது, ஏன் நடக்கிறது, தடுக்க ஒரு வழியைக் கொண்டுவா, பிறகு திரும்ப எண்ணிப் பார். 2006-ல் ஆஸ்திரேலிய ஆய்வாளர் கரோலின் ஃபின்ச் இதை ஆறு படிகளாக விரித்தார். ஆய்வுக்கூடத்தில் பலித்தது மைதானத்தில் யாராவது செய்கிறார்களா என்பதையும் ஆராய வேண்டும் என்றார். செய்யாத வேலை குவிந்து கிடப்பது அந்தக் கடைசிப் படிகளில்தான்.

பின்தொடைத் தசையை வலுவாக்கும் நார்டிக் ஹாம்ஸ்ட்ரிங் பயிற்சியையே எடுத்துக்கொள்ளுங்கள். முட்டி போட்டு நிற்க வேண்டும், ஒருவர் கணுக்காலை அழுத்திப் பிடிக்க, உடம்பை வளைக்காமல் மெதுவாக முன்னால் சாய வேண்டும். கருவி எதுவும் தேவையில்லை. இதைச் சேர்த்துக்கொண்ட அணிகளில் பின்தொடைக் காயம் ஏறக்குறைய பாதியாகக் குறைகிறது என்று பல ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்து 2019-ல் வந்த தொகுப்பாய்வு சொல்கிறது. ஆனால் கால்பந்தில் சாம்பியன்ஸ் லீக் அணிகளையும் நார்வே முதல்நிலை அணிகளையும் 2015-ல் கேட்டுப் பார்த்தபோது, 83 சதவீதம் இதை முறையாகச் செய்யவில்லை. ஏன்? முதல் வாரம் தொடை அப்படி வலிக்கும், அடுத்த நாள் படி இறங்கக்கூட யோசிப்பார்கள். மேட்ச் இருக்கிற வாரத்தில் எந்தக் கோச் அதற்குச் சம்மதிப்பார்? இந்த ‘ஏன்’ மேலேயே இரண்டு மூன்று பிஎச்.டி. செய்யலாம். இன்னொரு புதுப் பயிற்சியைக் கண்டுபிடிப்பதைவிட இது அவசரமான வேலை என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

அக்கா, நான் கணினித் துறை. யாருக்குக் காயம் வரும் என்று செயற்கை நுண்ணறிவால் முன்கூட்டியே சொல்லும் தலைப்பு எடுக்கலாமா?

எடுக்கலாம் தம்பி, ஆனால் கண்ணைத் திறந்துகொண்டு எடுங்கள். சீசன் தொடக்கத்தில் செய்யும் சோதனைகளை வைத்துத் தனி ஆளுக்குக் காயம் வருமா என்று கணிக்க முடியாது என்று நார்வே விளையாட்டு மருத்துவர் ரோல்ட் பார் (Roald Bahr) 2016-ல் எழுதினார். காயம்பட்டவர்களின் அளவுகளும் படாதவர்களின் அளவுகளும் ஒன்றின்மேல் ஒன்று விழுந்து கிடக்கும், நடுவே கோடு போட இடம் இருக்காது. அடுத்து, எண்ணிக்கை. ஒரு காரணத்துக்கும் காயத்துக்கும் உள்ள வலுவான தொடர்பைக் கண்டுபிடிக்கவே 20 முதல் 50 காயங்கள் வேண்டும், சின்னத் தொடர்புக்கு 200 வேண்டும் என்பது 2003-லிருந்து சொல்லப்படும் கணக்கு. ஓர் அணியின் ஒரு சீசனில் ஒரே வகைக் காயம் அத்தனை எங்கே கிடைக்கும்? அதனால் தரவு கையில் இருக்கும் குழுவாகப் பார்த்துச் சேருங்கள். அப்புறம் கணிக்கும் மாடலைப் பற்றி யோசிக்கலாம்.

எந்த நாட்டில் பணம் கிடைக்கும்?

நார்வே, நெதர்லாந்து போன்ற இடங்களில் பிஎச்.டி. பெரும்பாலும் சம்பள வேலை. விளம்பரம் வரும், விண்ணப்பிக்க வேண்டும். ஆஸ்திரேலியாவிலும் கனடாவிலும் பெரும்பாலும் ஸ்காலர்ஷிப்தான், கைடு முதலில் சம்மதிக்க வேண்டும். ஆஸ்லோ, ஆம்ஸ்டர்டாம், கால்கரி, மெல்போர்ன், கேப் டவுன் ஆகிய ஊர்களில் இதற்கென்றே பழகிய குழுக்கள் இருக்கின்றன. சர்வதேச ஒலிம்பிக் கமிட்டி அங்கீகரித்த ஆய்வு மையங்களின் பட்டியலில் தொடங்குங்கள்.

பத்துப் பேராசிரியர்களுக்கு மெயில் அனுப்பினேன். ஒருவரும் பதில் போடவில்லை.

மனசு விட்டுவிடாதீர்கள். ஆனால் பத்துப் பேருக்கும் ஒரே மெயில்தானே போனது? ஒவ்வொரு பேராசிரியரின் கடைசி இரண்டு கட்டுரைகளையும் படித்து, அதில் விடை கிடைக்காத ஒரு கேள்வியை மூன்று வரியில் எழுதுங்கள். உங்களால் அதில் எந்தப் பகுதியைச் செய்ய முடியும் என்று இன்னும் இரண்டு வரி. போதும். சேரும் முன் அவருடைய மாணவர் ஒருவரிடம் தனியாகப் பேசுங்கள். எழுதிக் கொடுத்ததை எத்தனை நாளில் திருத்தித் தருவார் என்று கேளுங்கள். என் முதல் கைடு நான்கு மாதம் எடுத்துக்கொண்டார். ஒரு வருடம் அப்படியே போய்விட்டது, இன்றும் அது வருத்தம்தான்.

சேர இன்னும் ஒரு வருடம் இருக்கிறது. இப்போதே ஏதாவது செய்யலாமா?

சரி, இதைச் செய்யுங்கள். எத்திக்ஸ் குழுவின் (ஆய்வு நெறிமுறைக் குழு) அனுமதியும் விளையாடுபவர்களின் சம்மதமும் வாங்கிக்கொண்டு, ஓர் அணியைப் பிடியுங்கள். வாரம் ஒரு முறை ஆஸ்லோ கேள்வித்தாளை (ஆஸ்லோ ஆய்வு மையம் காயங்களைக் கணக்கெடுக்க உருவாக்கியது) அனுப்புங்கள். நான்கே கேள்விகள்: விளையாடுவதில் சிரமம் இருந்ததா, பயிற்சியைக் குறைத்தீர்களா, ஆட்டம் பாதித்ததா, வலி எவ்வளவு. கூடவே ஒவ்வொருவரும் எத்தனை மணி நேரம் ஆடினார்கள் என்று குறித்து வையுங்கள், ஆயிரம் மணி நேரத்துக்கு எத்தனை காயம் என்று கணக்கிட அது வேண்டும். சில வாரங்களிலேயே சிலர் பதில் போடுவதை நிறுத்திவிடலாம். யார் நிறுத்தினார்கள், எதனால் நிறுத்தினார்கள் என்பதையும் ஒரு நோட்டில் எழுதுங்கள். விண்ணப்பத்தில் அந்த நோட்டைப் பற்றியும் எழுதுங்கள்.