சங்கத்துக்கு இணையதளம்: எந்தத் தளம், எந்தத் தீம்? வாசகர் கேள்விகளுக்குப் பதில்கள்

குடியிருப்போர் நலச் சங்கம், முன்னாள் மாணவர் அமைப்பு, கோயில் நிர்வாக சபை, வாசகர் வட்டம் எனப் பொதுக்காரியத்துக்காக இணையதளம் தொடங்குகிறவர்கள் அனுப்பிய கேள்விகள் இவை. பலரும் முதலில் கேட்பது, எந்தத் தீம் (தளத்தின் தோற்றத்தைத் தரும் ஆயத்த வடிவமைப்பு) அழகாக இருக்கும் என்பதுதான். எனக்கு அதைவிட முக்கியமாகப் படுவது, நிர்வாகக் குழு மாறிய பிறகு தளத்தை யார் பார்த்துக்கொள்வார் என்பது. கீழே உள்ள பதில்களில் பாதிக்கு மேல் அதை வைத்தே சொல்லியிருக்கிறேன்.

கேள்வி: வேர்ட்பிரஸ், ஜூம்லா, ட்ரூபல் மூன்றில் எது நல்லது? அறிவிப்பு, பராமரிப்புக் கட்டண விவரம், கூட்டக் குறிப்பு ஆகியவை இருந்தால் போதும். எங்கள் குழு இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை மாறும். – நலச் சங்கச் செயலாளர், வேளச்சேரி

வேர்ட்பிரஸ். மூன்றுமே இணையதளத்தைக் கட்டி, அதன் உள்ளடக்கத்தை நிர்வகிக்க உதவும் மென்பொருள்கள்தான்; குழு மாறும் என்று நீங்கள் எழுதியதுதான் இதைத் தீர்மானிக்கிறது.

மற்ற இரண்டும் மட்டம் என்று சொல்லவில்லை. 2001-இல் வந்த ட்ரூபல், பல துறைகளும் பல அடுக்கு அனுமதிகளும் உள்ள பல்கலைக்கழகம், அரசு அலுவலகம் போன்ற இடங்களுக்கு மிகப் பொருத்தமானது. ஆனால் 2015-இல் அதன் 8-ஆம் பதிப்பு அடித்தளத்தையே மாற்றிக்கொண்டு வந்தது. 7-ஆம் பதிப்பில் இருந்தவர்கள் உள்ளடக்கத்தைப் புதிய தளத்துக்குக் குடிபெயர்க்க வேண்டியிருந்தது; தீமையும் முதலிலிருந்து எழுத வேண்டியிருந்தது. 7-க்கான ஆதரவு 2025 ஜனவரி 5-ஆம் தேதியோடு முடிந்துவிட்டது. சம்பளத்துக்கு ஆள் வைத்திருக்கும் நிறுவனம் அந்த மாற்றத்தைச் சமாளிக்கும். மாலை நேரத்தில் ஒதுக்கிய ஒரு மணியில் வேலை பார்க்கும் தன்னார்வலரால் முடியாது. ஜூம்லா தெரிந்தவர் ஒருவர் உங்கள் குழுவில் இப்போது இருக்கலாம். அவருக்குப் பின் வருபவருக்கும் தெரிந்திருக்கும் என்று எதிர்பார்க்க முடியாது. வேர்ட்பிரஸ் 2003-இலிருந்து பழைய தளங்களை உடைக்காமல் புதுப்பித்துவருவதில் பிடிவாதமாக இருக்கிறது. அதைக் கையாளத் தெரிந்தவர் எந்த ஊரிலும் கிடைப்பார்.

தீம் விஷயத்தில் என் பரிந்துரை எளியது. வேர்ட்பிரஸ் திட்டமே 2010 முதல் அநேகமாக ஆண்டுக்கு ஒன்றாக வெளியிடும் இயல்புநிலைத் தீம்களில் ஒன்றை எடுங்கள். 2024 நவம்பரில் வந்த ட்வென்டி ட்வென்டி-ஃபைவ் உங்கள் தேவைக்குத் தாராளம். வேறு தீம்தான் வேண்டுமென்றால், வேர்ட்பிரஸின் தீம் பட்டியலில் கடைசியாக எப்போது புதுப்பிக்கப்பட்டது, எத்தனை தளங்கள் பயன்படுத்துகின்றன, பயனர்களின் கேள்விகளுக்குப் பதில் வருகிறதா என்று பாருங்கள். ஓராண்டுக்கு மேல் அசைவில்லாத தீமை, எவ்வளவு அழகாக இருந்தாலும், விட்டுவிடுங்கள்.

இன்னொன்றையும் கெஞ்சிக் கேட்டுக்கொள்கிறேன். டொமைன் (தளத்தின் முகவரிப் பெயர்), ஹோஸ்டிங் (தளத்தை வைத்திருக்கும் சர்வர் இடம்) கணக்குகளைச் சங்கத்தின் பெயரில், சங்கத்துக்கென்று தொடங்கிய மின்னஞ்சலில் பதிவு செய்யுங்கள். பொருளாளரின் சொந்த மின்னஞ்சலில் பதிவாகி, அவர் வீடு மாறிப்போன பிறகு டொமைனைப் புதுப்பிக்க முடியாமல் இழந்த சங்கங்கள் உண்டு. நிர்வாகி அனுமதி இருவருக்கு மட்டும் இருக்கட்டும். அறிவிப்பு எழுதுகிற மற்றவர்களுக்கு ‘எடிட்டர்’ அனுமதி போதும்.

கேள்வி: பொறியியல் மூன்றாம் ஆண்டு படிக்கும் என் மகன், எங்கள் வாசகர் வட்டத்துக்கு ரியாக்டில் தளம் செய்து தருவதாகச் சொல்கிறான். சம்மதிக்கலாமா? – வாசகர் வட்டப் பொறுப்பாளர், பாளையங்கோட்டை

அவர் ரியாக்ட் கற்பது நல்லது. உங்கள் வட்டத்தின் தளத்தில் வேண்டாம்.

ரியாக்ட், திரையில் நொடிக்கு நொடி மாறும் செயலிகளுக்காக 2013-இல் ஃபேஸ்புக் வெளியிட்ட கருவி. உங்களுக்குத் தேவை, வாசிக்கிற பக்கங்கள். உள்ளடக்கம் எழுத ஒரு நிர்வாகத் திரையை அவர் தனியாகக் கட்டித் தராவிட்டால், மாதக் கூட்ட அறிவிப்பு ஒவ்வொன்றுக்கும் அவரையே கூப்பிட வேண்டும். அடுத்த ஆண்டு அவர் தேர்விலும் வேலைத் தேடலிலும் இருப்பார். இத்தகைய நிரல் சட்டகங்களின் ஆயுளும் நம் கையில் இல்லை. கூகுளின் ஆங்குலர்ஜேஎஸ் ஒரு காலத்தில் எங்கும் பேசப்பட்டது. 2016-இல் அதன் வாரிசு முற்றிலும் வேறொன்றாக வந்தது. 2022 ஜனவரியோடு பழையதற்கான ஆதரவு நின்றது.

அவருடைய ஆர்வத்தை வீணாக்க வேண்டாம். நூல் விமர்சனம், கூட்டப் பதிவு போன்ற, எழுதிய பின் அதிகம் மாறாத பக்கங்கள்தான் உங்களிடம் இருக்கின்றன என்றால், எழுத்துக் கோப்புகளை முன்கூட்டியே ஆயத்தப் பக்கங்களாக்கித் தரும் ஹியூகோ போன்ற நிலைப்பக்க உருவாக்கியை அவர் எடுத்துக்கொள்ளலாம். தரவுத்தளம் கிடையாது, புகுந்து கெடுக்க உள்நுழைவுப் பக்கமும் கிடையாது. கிட்ஹப் பேஜஸ் என்ற சேவையில் கட்டணமில்லாமல் வைக்கலாம். கட்டுரைகள் எளிய எழுத்துக் கோப்புகளாக இருப்பதால், நாளை வேறு எங்கு மாற்றினாலும் அப்படியே கொண்டுபோகலாம். ஒரே நிபந்தனை: கோப்புகளைக் கையாள இன்னும் ஒருவருக்காவது அவர் இப்போதே சொல்லித்தர வேண்டும். அப்படி ஒருவரும் இல்லையென்றால் வேர்ட்பிரஸுக்கு வாருங்கள். அதற்கு அவர் ஒரு துணைத் தீம் (மூலத் தீமைத் தொடாமல் அதன்மேல் மாற்றங்கள் செய்வது) செய்யட்டும்.

கேள்வி: பூட்ஸ்டிராப்பா, டெயில்விண்டா? – இணைய வடிவமைப்பு பயிலும் மாணவி, ஈரோடு

இரண்டும் பக்கத்தின் தோற்றத்தை அமைக்க உதவும் நிரல் தொகுப்புகள். சங்கத் தளத்தைக் கையாலேயே எழுதுகிறீர்கள் என்றால் பூட்ஸ்டிராப். பொத்தான், மெனு, படிவம் எல்லாம் அதில் ஆயத்தமாக இருக்கின்றன. பின்னால் வருபவர் ஆவணத்தைப் படித்துத் தொடரலாம். டெயில்விண்டில் தோற்றத்தை நீங்களே சிறு சிறு துண்டுகளாகச் சேர்த்துக் கட்ட வேண்டும், அதற்குப் பயிற்சி தேவை. கடையில் கிடைக்கும் வார்ப்புரு பூட்ஸ்டிராப் 3-இல் எழுதப்பட்டிருந்தால் வாங்காதீர்கள். அதன் ஆதரவு 2019-இலேயே முடிந்துவிட்டது.

கேள்வி: மாதிரிப் பக்கத்தில் அற்புதமாக இருந்த தீம், தமிழில் உள்ளடக்கம் போட்டதும் அலங்கோலமாகிவிட்டது. தலைப்புகள் இடிக்கின்றன, மெனு இரண்டு வரியாக உடைகிறது. எங்கே தவறு? – முன்னாள் மாணவர் சங்கம், தஞ்சாவூர்

எனக்கு மிகவும் பிடித்த கேள்வி இது, ஏனென்றால் தீம் தேர்வில் தமிழர்கள் தனியாகப் பார்க்க வேண்டியவை எல்லாம் இதற்குள் இருக்கின்றன.

முதலில் எழுத்துரு. பிரபலமான தீம்கள் பாப்பின்ஸ், மாண்ட்செராட், இன்டர் போன்ற எழுத்துருக்களோடு வருகின்றன. இவற்றில் தமிழ் எழுத்துகள் இல்லை. ஆகவே உலாவி, சாதனத்தில் இருக்கும் ஏதோ ஒரு தமிழ் எழுத்துருவை எடுத்துக்கொள்கிறது: பழைய விண்டோஸில் லதா, புதியதில் நிர்மலா, ஆண்ட்ராய்டில் பெரும்பாலும் நோட்டோ. ஒரே பக்கம் ஒவ்வொருவருக்கும் ஒவ்வொரு மாதிரி தெரிவதற்கு இதுதான் காரணம். தமிழ் எழுத்துருவை நீங்களே தெரிந்தெடுத்துத் தீமில் அமைத்துவிடுங்கள். நோட்டோ சான்ஸ் தமிழ், முக்த மலர், கேட்டமரான் மூன்றும் கட்டணமற்றவை, பல தடிமன்களில் கிடைப்பவை. தடிமன் முக்கியம். ஒரே தடிமன் உள்ள எழுத்துருவைத் தலைப்புக்கு வைத்தால் உலாவி அதைச் செயற்கையாகப் பருக்கவைக்கும். ‘ணி’, ‘ஞி’ போன்றவற்றின் சுழிகள் அடைத்துப்போகும்.

அடுத்தது வரி இடைவெளி. ஆங்கிலத் தலைப்புக்காக மிக நெருக்கமாக வைத்த இடைவெளியில், மேலே ஏறும் ‘றீ’யின் சுழியும் கீழே இறங்கும் ‘ழூ’வின் வாலும் மோதிக்கொள்ளும். கட்டுரை வரிகளுக்கு எழுத்தளவைப்போல 1.7 மடங்கும், தலைப்புக்கு 1.4 மடங்கும் வைத்துப் பாருங்கள். சாய்வெழுத்தைத் தவிர்த்துவிடுங்கள், தமிழில் அது வளைந்து நெளிந்து கண்ணை உறுத்தும்.

மெனு உடைவதற்குக் காரணம் நம் சொற்களின் நீளம். ஆங்கிலத்தின் குட்டிச் சொற்களுக்காக அளந்த இடத்தில் ‘நிகழ்ச்சிகள்’, ‘புகைப்படத் தொகுப்பு’, ‘உறுப்பினர் சேர்க்கை’ மூன்றையும் அடைக்க முடியாது. மெனுவில் ஐந்து உருப்படிக்கு மேல் வேண்டாம்.

பலர் கவனிக்காத ஒன்று, பக்க முகவரி. தமிழ்த் தலைப்பு கொடுத்தால் வேர்ட்பிரஸ் அதையே முகவரியாக்குகிறது. உள்ளே ஒவ்வொரு தமிழ்க் குறியும் ஒன்பது எழுத்துகளாகச் சேமிக்கப்படுகிறது. மொத்த இடமோ 200 எழுத்து. மெய்ப்புள்ளி, துணைக்குறி எல்லாம் தனித்தனியே எண்ணப்படுவதால் சுமார் 22 குறிகளோடு முகவரி முடிந்துவிடும். ‘ஆண்டுப் பொதுக்குழுக் கூட்டம்’ என்ற தலைப்பே கடைசிச் சொல்லின் பாதியில் வெட்டுப்படும். வாட்ஸ்ஆப்பில் பகிரும்போது அது விழுக்காட்டுக் குறிகள் நிறைந்த நீண்ட வரியாகவும் தெரியும். ஒவ்வொரு பக்கத்துக்கும் முகவரியை மட்டும் ஆங்கில எழுத்தில் சுருக்கமாக நீங்களே எழுதுங்கள்.

தீமின் மாதிரிப் பக்கத்தைப் பார்த்து இனி எதையும் முடிவு செய்யாதீர்கள். சங்கத்தின் முழுப்பெயர், இரண்டு வரித் தலைப்பு ஒன்று, ஒரு அட்டவணை, நீளமான கட்டுரை ஒன்று: இவற்றை உள்ளே போட்டு, உங்களிடம் உள்ளதிலேயே விலை குறைந்த ஆண்ட்ராய்டு கைபேசியில் திறந்து பாருங்கள். உறுப்பினர்களில் பெரும்பாலானோர் பார்க்கப்போவது அப்படித்தான்.

கேள்வி: பழைய மலர்களின் பாமினி எழுத்துருக் கோப்புகளை அப்படியே ஒட்டினால் ஆங்கில எழுத்தாக வருகிறது. தீமை மாற்ற வேண்டுமா? – ஆலய பரிபாலன சபை, யாழ்ப்பாணம்

தீமில் குறை இல்லை. பாமினியில் கோப்புக்குள் இருப்பவை ஆங்கிலக் குறிகளே. எழுத்துருதான் அவற்றைத் தமிழாகக் காட்டுகிறது. என்எச்எம் கன்வெர்ட்டர் போன்ற மாற்றியால் முதலில் யூனிகோடுக்கு (எல்லாச் சாதனங்களும் தமிழாகவே அறியும் பொதுக் குறியீட்டு முறைக்கு) மாற்றிவிட்டு ஒட்டுங்கள். பாமினியைத் தளத்தில் ஏற்றிச் சமாளிக்கலாம் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். தேடுபொறிக்கும் பார்வையற்றோரின் திரைவாசிப்பானுக்கும் அந்தப் பக்கம் வெறும் ஆங்கிலக் குப்பையாகவே தெரியும். மலர்களில் உள்ள ஊர் வரலாறு தேடிக் கிடைக்க வேண்டும் அல்லவா?

கேள்வி: விலை கொடுத்து வாங்க வேண்டிய தீம் ஒன்றை நண்பர் இலவசமாகக் கொடுத்தார். பயன்படுத்தலாமா? – அரிமா சங்க உறுப்பினர், ஒசூர்

கூடாது. பூட்டு உடைத்துப் பரப்பப்படும் தீம்களுக்குள் பின்கதவு நிரல் (வெளியாள் ரகசியமாக உள்ளே புக வழிவிடும் நிரல்) வைத்து அனுப்புவது வாடிக்கை. ஒருநாள் உங்கள் சங்கப் பக்கத்தைத் திறப்பவர் சூதாட்டத் தளத்துக்குப் போய்ச் சேருவார். புதுப்பிப்பும் வராது. வாங்குவதானால் நேராக வாங்குங்கள்; அப்போதும் உரிம விவரத்தைப் படியுங்கள். தீம்ஃபாரஸ்ட் சந்தையின் சாதாரண உரிமம் ஒரு தளத்துக்கு மட்டுமே. அதில் சேர்ந்துவரும் ஆசிரியர் உதவி ஆறு மாதம். காசு கொடுக்காமல் கிடைக்கும் பூட்டு உடைத்த தீமுக்கு ஆசைப்படுவதைவிட, வேர்ட்பிரஸ் பட்டியலில் கட்டணமில்லாமல் கிடைக்கும் நேர்மையான தீம் எவ்வளவோ மேல்.

கேள்வி: உறுப்பினர்கள் உரையாடவும் இடம் வேண்டும். டிஸ்கோர்ஸ் நிறுவலாமா, வாட்ஸ்ஆப் குழுவே போதுமா? – இயற்கை விவசாயக் குழு, சத்தியமங்கலம்

இன்றைக்கு மழை எப்படி என்று கேட்க வாட்ஸ்ஆப் போதும். ஆனால் பூச்சிவிரட்டிக் கரைசல் பற்றி மூன்று ஆண்டு முன் ஒருவர் எழுதிய அனுபவம் இன்று புதிதாகச் சேருபவருக்குக் கிடைக்க வேண்டுமென்றால் அங்கே வழியில்லை. உங்களைப் போன்ற குழுவிடம் இருக்கும் செல்வமே அந்த அனுபவங்கள்தான். அவை தொலையக் கூடாது.

2013-இல் வெளிவந்த உரையாடல் மன்றக் கருவியான டிஸ்கோர்ஸ் இதற்கு அருமையானது, கட்டற்ற மென்பொருளும்கூட. ஆனால் பல தளங்கள் ஒரே சர்வரைப் பகிரும் சாதாரண ஹோஸ்டிங்கில் ஓடாது: குறைந்தது 1 ஜிபி நினைவகம் உள்ள தனி மெய்நிகர் சர்வர், ஒழுங்காக மின்னஞ்சல் அனுப்பும் சேவை, இரண்டையும் கவனிக்கத் தெரிந்த ஒருவர் தேவை. அப்படி ஒருவர் இல்லையென்றால் வேர்ட்பிரஸிலேயே உரையாடல் பகுதி தரும் பிபிபிரஸ் என்ற செருகுநிரலைப் (கூடுதல் வசதி நிரலை) போட்டுத் தொடங்குங்கள். எதைத் தேர்ந்தாலும், வாரம் ஒருநாள் உட்கார்ந்து கேள்விகளுக்குப் பதில் கிடைத்ததா என்று பார்க்கும் இருவரை முதலில் நியமியுங்கள். ஆளில்லாத உரையாடல் பகுதியை விளம்பரக் குப்பை சீக்கிரமே மூடிவிடும்.

கேள்வி: எங்கள் தமிழ்ப் பள்ளியின் தளத்தில் கூகுள் எழுத்துரு இருப்பது சட்டச் சிக்கல் என்கிறார்கள். உண்மையா? – பெற்றோர், ஜெர்மனி

உண்மைதான். எழுத்துரு கூகுள் சர்வரிலிருந்து இறங்கும்போது பார்வையாளரின் ஐபி முகவரி (அவருடைய இணைய இணைப்பின் அடையாள எண்) அங்கே போகிறது. ஒப்புதலில்லாமல் அப்படி அனுப்பியது தவறு என்று 2022 ஜனவரியில் மியூனிக் நீதிமன்றம் ஒரு வழக்கில் 100 யூரோ இழப்பீடு வழங்கத் தீர்ப்பளித்தது. எழுத்துருவைக் கைவிட வேண்டியதில்லை. அதை உங்கள் சர்வரிலேயே வையுங்கள். வேர்ட்பிரஸ் 6.5 முதல் உள்ள எழுத்துரு நூலகம் பிளாக் தீம்களில் (பக்கத்தின் எல்லாப் பகுதிகளையும் துண்டு துண்டாகத் திரையிலேயே அமைக்கும் புதிய வகைத் தீம்களில்) அதைத் தானே இறக்கி வைத்துக்கொள்ளும்.

கேள்வி: ஆறு ஆண்டுப் பழைய தீமை மாற்றப் பயமாக இருக்கிறது. எழுதியதெல்லாம் போய்விடுமா? – கைத்தறி நெசவாளர் சங்கம், காஞ்சிபுரம்

எழுத்தும் படங்களும் தரவுத்தளத்தில் இருக்கின்றன. தீம் மாறினாலும் அவை போகாது. கலைந்துபோகக்கூடியவை வேறு: முகப்பு அமைப்பு, பக்கவாட்டுப் பெட்டிகள், மெனு இடம். பழைய தீமின் சொந்தக் குறுங்குறிகளை (பக்கத்துக்குள் எழுதும் சிறு கட்டளைகளை) பயன்படுத்தியிருந்தால், மாற்றிய பின் அவை சதுர அடைப்புக்குறிக்குள் அர்த்தமில்லாத எழுத்தாக நடுப்பக்கத்தில் நிற்கும். பக்கத்தை இழுத்துக் கட்டும் பேஜ் பில்டர் வைத்திருந்தால் கூடுதல் வேலை உண்டு.

முதலில் கோப்புகளையும் தரவுத்தளத்தையும் காப்புப் பிரதி எடுத்து, சங்கத்தின் கணினியில் ஒன்றும் வெளி வன்வட்டில் ஒன்றுமாக வையுங்கள். பிறகு ஹோஸ்டிங்கில் தளத்தின் நகல் ஒன்றை உருவாக்கி, புதிய தீமை அதில் போடுங்கள். அதிகம் பார்க்கப்படும் பக்கங்களை ஒவ்வொன்றாகத் திறந்து திருத்துங்கள். உறுப்பினர் பட்டியல் பக்கத்தை மட்டும் அப்படியே புதிய தளத்துக்குக் கொண்டுபோகாதீர்கள். அந்தக் காலத்தில் நெசவாளர்களின் தொலைபேசி எண்ணும் வீட்டு முகவரியும் எல்லோர் பார்வைக்கும் போடப்பட்டிருக்கலாம். 2023-இன் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் ஒப்புதலை வலியுறுத்துகிறது. ஒவ்வொருவரிடமும் கேட்டு, சம்மதித்தவர்களின் விவரத்தை மட்டும் புதிய தளத்தில் ஏற்றுங்கள். நகல் சரியாக இருக்கிறதென்று குழுவில் இருவர் பார்த்துச் சொன்ன பிறகு, பட்டு விற்பனை மும்முரமாக இல்லாத ஒரு வார நாளின் காலையில் மாற்றுங்கள்.