வேலைக்குப் போகும் அம்மா வீட்டையும் பிள்ளைகளையும் எப்படிச் சமாளிப்பது? வேலையை விட்டுவிடலாமா?

இரண்டாவது பிள்ளை பிறந்த பிறகு எல்லாம் இழுபறியாக இருக்கிறது, வீட்டில் "வேலையை விட்டுவிடு" என்கிறார்கள் என்று கேட்டிருக்கிறீர்கள், தங்கச்சி. நான் மலேசியாவில், கெடா மாநிலத்தில் பாடாங் செராயில் இருக்கிறேன். கூலிம் பக்கம் ஒரு தொழிற்சாலையில் 12 மணிநேர ஷிப்ட். மூத்தவள் தமிழ்ப்பள்ளியில் இரண்டாம் ஆண்டு, சின்னவனுக்கு மூன்று வயது. என் பதில் இதுதான்: அவசரப்பட்டு வேலையை விடாதீர்கள். பிள்ளையை யார், எந்த நேரத்தில் பார்ப்பது என்ற ஏற்பாட்டை முதலில் சரிசெய்யுங்கள். நாம் திணறுவது பெரும்பாலும் அங்கேதான், நம் சாமர்த்தியத்தில் குறை ஒன்றும் இல்லை.

என் பாட்டி ரப்பர் தோட்டத்தில் பால்மரம் வெட்டியவர், அதாவது மரத்தைக் கீறிப் பால் எடுத்தவர். விடியுமுன் பெரட்டுக்கு (வேலைக்குப் பெயர் கூப்பிடும் இடம்) போகும் வழியில் கைக்குழந்தையை ஆயாக் கொட்டகையில் விட்டுவிட்டுப் போவாராம். தூளி, பால், கஞ்சி எல்லாம் ஆயா பொறுப்பு. தோட்ட நிர்வாகம் அதை அன்பினால் கட்டித் தரவில்லை. பெண்கள் வெட்டுக்குப் போனால்தான் தோட்டம் ஓடும், அதனால் கட்டினார்கள். கூலியும் சொற்பம்தான். ஆனாலும் பிள்ளையைப் பார்க்க ஆள் வேண்டும் என்பது வேலையோடு சேர்ந்த விஷயமாக இருந்தது. தோட்டங்கள் துண்டாடப்பட்டு நாம் தாமான் (குடியிருப்புப் பகுதி) வீடுகளுக்கு வந்தபோது அந்தக் கொட்டகை நம்மோடு வரவில்லை. "அந்தக் காலத்துப் பெண்கள் சமாளிக்கவில்லையா" என்று யாராவது சொன்னால் எனக்குக் கோபம் வரும். அவர்களுக்கு ஆயா இருந்தார்.

எங்களைப் போல இரண்டு மாநில எல்லையோரத்தில் இருப்பவர்களுக்கு இன்னொரு சிக்கலும் உண்டு. கெடாவில் பள்ளி விடுமுறை வெள்ளியும் சனியும். என் கணவருக்கு வேலை பிறையில். அது பினாங்கு மாநிலம், அவருக்கு ஓய்வு ஞாயிறு. என் ஓய்வு நாள் ஷிப்டைப் பொறுத்து மாறிக்கொண்டே இருக்கும். அதாவது ஞாயிற்றுக்கிழமை அப்பா வீட்டில், மகள் பள்ளியில். வெள்ளிக்கிழமை மகள் வீட்டில், பல வாரம் நாங்கள் இருவரும் வேலையில். அதனால் ஷிப்ட் அட்டவணை கைக்கு வந்த அன்றே, மளிகைக் கடையில் கொடுத்த தமிழ் நாட்காட்டியை மேசையில் விரித்துவிடுவோம். என் பகல் ஷிப்ட் நீல மை, இரவு ஷிப்ட் சிவப்பு. அப்புறம் ஒவ்வொரு வெள்ளிக்கிழமைக் கட்டத்திலும் ஒரு பெயர் எழுதியாக வேண்டும்: நான், அத்தை, அல்லது பக்கத்து லோரோங்கில் (சந்தில்) பிள்ளை பார்க்கும் ஆண்ட்டி. பெயர் இல்லாத கட்டம் இருந்தால் அன்று யார் லீவு எடுப்பது என்பதை அப்போதே பேசி முடிப்போம். முன்பெல்லாம் எங்கள் சண்டைகளில் பாதி வியாழக்கிழமை இரவில்தான் வரும். இப்போது அது இல்லை.

தொழிற்சாலை பஸ் ஆறு மணிக்கே முச்சந்திக்கு வந்துவிடும். ஆகவே காலை நேரம் முழுக்க கணவர் கையில். பிள்ளைகளை எழுப்புவது, பசியாறக் கொடுப்பது, மகளைப் பள்ளியிலும் மகனை ஆண்ட்டி வீட்டிலும் விடுவது எல்லாம் அவர் வேலை. நான் பஸ்ஸிலிருந்து போன் போட்டு நினைவூட்டுவதில்லை. வகுப்பு ஆசிரியரின் வாட்ஸ்அப் குழுவில் இருப்பதும் அவர்தான். நாளைக்கு என்ன புத்தகம், என்ன கட்டணம் என்பதெல்லாம் அவருக்குத்தான் தெரியும். கைவேலையைப் பிரித்துக்கொண்டு, நினைவில் வைத்திருக்கும் வேலையை மட்டும் அம்மாவிடமே விட்டால் அவள் மண்டை எப்போதும் கனத்துத்தான் இருக்கும். உங்கள் வீட்டில் இதை முதலில் பேசுங்கள்.

ஆண்ட்டி வீடு ஏன் என்றால், எங்கள் பக்கத்து தஸ்கா (குழந்தைப் பராமரிப்பு நிலையம்) மாலை ஆறுக்கே மூடிவிடும், எனக்கு ஷிப்ட் முடிவதே ஏழுக்கு. உங்கள் நேரம் ஒத்துவந்தால் தஸ்காவே நல்லது. ஆனால் அது சமூகநலத் துறையில் பதிவானதா என்று பாருங்கள். நான்கு வயதுக்குட்பட்ட பிள்ளைகள் நாலு பேரோ அதற்கு மேலோ இருந்தால் 1984ஆம் ஆண்டுச் சட்டப்படி பதிவு கட்டாயம். வீட்டில் வைத்துப் பார்ப்பவர் என்றால், பொது விடுமுறைக்குப் பணம் பிடிக்காதீர்கள், சொன்ன தேதியில் கொடுங்கள். நம் சம்பளமே அவர் தயவில்தான் வருகிறது.

இரவு ஷிப்ட் மாதம் கஷ்டம்தான், மறைக்க மாட்டேன். சன்னலுக்குக் கறுப்புத் துணி கட்டிப் பகலில் தூங்குவேன். மகள் ஒரு மணிக்கு மேல் பள்ளியிலிருந்து ஆண்ட்டி வீட்டுக்குத்தான் போவாள். நான் நாலு மணிக்கு எழுந்து இருவரையும் கூட்டிவருவேன். நாலிலிருந்து ஆறு வரை போனை எடுக்க மாட்டேன். வீடு பெருக்காமல் கிடக்கும். கிடக்கட்டும்.

பணக் கணக்கையும் பாருங்கள். பிள்ளை பார்க்கக் கொடுப்பதுபோக மிச்சமே இல்லை என்பார்கள். 1,700 வெள்ளி (ரிங்கிட்) அடிப்படைச் சம்பளத்திலேயே இபிஎஃப் என்ற ஓய்வுக்காலச் சேமிப்புக்கு முதலாளி பங்கு 13 விழுக்காடு, அதாவது மாதம் 220 வெள்ளிக்கு மேல். நம் பங்கு 11 விழுக்காடு வேறு. சொக்சோ என்ற தொழிலாளர் காப்புறுதிப் பாதுகாப்பும் உண்டு. வேலையை விட்டால் இவையும் நின்றுபோகும். பிள்ளைகள் வளர்ந்தபின் திரும்பிப் போனால் பழைய இடம் கிடைக்காது. உடம்பு முடியவில்லை, பிள்ளைக்குத் தனிக் கவனிப்பு தேவை என்றால் அது வேறு விஷயம், அப்போது தயங்காமல் விடலாம்.

இன்னொன்று பலருக்குத் தெரியவில்லை. 2023 ஜனவரி முதல் வேலைச் சட்டத்தில் பிரசவ விடுப்பு 98 நாள் ஆனதோடு, வேலை நேரத்தையோ நாளையோ இடத்தையோ மாற்றித் தரக் கேட்டு எழுத்துமூலம் விண்ணப்பிக்கவும் வழி செய்திருக்கிறார்கள். முதலாளி 60 நாளுக்குள் எழுத்தில் பதில் சொல்ல வேண்டும், மறுத்தால் காரணமும் எழுத வேண்டும். கிடைத்தே தீரும் என்று இல்லை. எங்கள் லைனில் ஒரு அக்காவுக்கு நிரந்தரப் பகல் ஷிப்ட் கிடைத்தது, இன்னொருவருக்கு மறுத்துவிட்டார்கள். ராஜினாமா கடிதம் எழுதுமுன் இந்தக் கடிதத்தை எழுதுங்கள். மலாயில் ஒரே பக்கம் போதும். எந்த நாள், எந்த நேரம் வேண்டும் என்று தெளிவாகக் குறிப்பிட்டு, அலுவலகத்தில் கொடுக்கும்போது உங்கள் பிரதியில் தேதியோடு கையெழுத்து வாங்கிக்கொள்ளுங்கள்.