நீண்ட சைக்கிள் பயணத்தில் பாதி வழியில் திட்டத்தை மாற்றினால் அது தோல்வியா?

இல்லவே இல்லை. "பாதியில விட்டிட்டு வந்திட்டியா?" என்று யாரோ உங்களைக் கேட்டிருக்க வேண்டும். என்னையும் கேட்டார்கள், அதனால்தான் எழுதுகிறேன்.

எனக்குத் திருகோணமலை. யாழ்ப்பாணத்து நல்லூர்க் கோயில் தேர் பார்க்க மச்சானும் நானும் ஓகஸ்டில் சைக்கிளில் வெளிக்கிட்டோம். ஏ12 வீதியால் ஹொரவப்பொத்தானை, அங்கிருந்து ஏ29இல் வவுனியா, அன்றிரவு அங்கே தங்கல். நூறு கிலோமீட்டர் அளவுதான், பெரிய ஏற்றமும் இல்லை. ஆனால் அது கச்சான் காலம். தென்மேற்கிலிருந்து வரும் அந்தக் காய்ந்த காற்று கன்னியா தாண்டியதுமே முகத்தில் அடித்தது. முதலிக்குளம் போவதற்குள் தொடை இறுகிவிட்டது. ஹொரவப்பொத்தானையில் தேத்தண்ணிக்கு நின்றபோது நாலு மணி தாண்டியிருந்தது.

"லைற் இருக்குத்தானே, போவம்" என்றான் மச்சான். நான் மறுத்தேன். பொழுதுபட்டால் அந்தப் பக்கம் யானை வீதிக்கு வரும். காரில் இருப்பவர் பின்னால் எடுக்கலாம், சைக்கிள்காரன் என்ன செய்வான்? கடைக்கார ஐயாவும் அதையேதான் சொன்னார். வவுனியா பஸ்ஸில் சைக்கிள்களுக்கும் காசு கொடுத்து ஏற்றினோம்.

மறுநாள் ஏ9இல் ஆனையிறவு வரை காற்று முதுகுப்பக்கம். கொடிகாமத்தில் மேற்கே திரும்பிய பிறகுதான் மறுபடி எதிர்க்காற்று. தேருக்கு முன்பே நல்லூரில் நின்றோம். ஊருக்குத் திரும்பினால், பஸ் ஏறிய கதையை மட்டும்தான் கேட்டார்கள்.

இரவில் மிதிப்பவர்களை நான் குறைத்துச் சொல்லவில்லை. அந்த வீதி, அந்த மாதம், அந்த நேரம், அவ்வளவுதான் என் பேச்சு. எங்களுக்குத் துணிவில்லை என்பவர்கள் ஓகஸ்டில் ஒருமுறை அதே வழியால் போய்ப் பார்க்கட்டும்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். இவ்வளவு தூரம் ஓடிய சைக்கிளை எங்கள் டவுனில் பூட்டி வைக்க ஓர் இடமில்லை. எந்தக் கந்தோருக்குப் போனாலும் காருக்கும் மோட்டார் சைக்கிளுக்கும் கொட்டகை உண்டு. சைக்கிளை மதிலோடு சாத்து என்கிறார்கள். மீன் விற்பவரும் மேசன் வேலைக்குப் போகிறவரும் சைக்கிளில்தானே வருகிறார்கள்? எனக்கு இது உண்மையாகவே கோபம்.

சரி, நீங்கள் திருகோணமலையிலிருந்து மட்டக்களப்புக்குப் போவதென்றால் ஏ15ஐப் பிடியுங்கள். 2009இல் கிண்ணியாப் பாலம் திறந்த பிறகு அங்கே பாதைக்கு, அதாவது வாகனங்களை ஏற்றி அக்கரை சேர்க்கும் மிதவைக்கு, காத்து நிற்கத் தேவையில்லை. விடியவே வெளிக்கிடுங்கள், மூதூரில் தண்ணீர் நிரப்புங்கள். வெருகல் தாண்டும்போது பொழுது சாய்ந்துவிட்டால் வாகரையில் தங்கிவிடுங்கள்.