தசைக்குள் கால்சியம்: வாசகர் கேள்வி பதில்

கேள்வி: ராத்திரித் தூக்கத்தில் கெண்டைக்கால் சதை சுருட்டிப் பிடிக்கிறது. கால்சியம் குறைவு, மாத்திரை போடு என்கிறார்கள். போடலாமா?

ரத்தப் பரிசோதனையில் கால்சியம் சரியாக இருந்தால் மாத்திரையால் அந்தப் பிடிப்பு நிற்கப்போவதில்லை. எலும்புத் தசை சுருங்கத் தேவையான கால்சியம் அந்தந்த இழைக்குள்ளேயே சேமிப்பில் இருக்கிறது. இதயத் தசையின் கதை வேறு. சுற்றியிருக்கும் கரைசலில் கால்சியம் இல்லாவிட்டால் தவளையின் இதயம் துடிப்பை நிறுத்திவிடும் என்று சிட்னி ரிங்கர் 1883இல் காட்டினார். எலும்புத் தசை இழையோ கால்சியமே இல்லாத கரைசலிலும் பல முறை துடிக்கும்.

இரவுப் பிடிப்பு பெரும்பாலும் தசையை இயக்கும் நரம்பு தேவையில்லாமல் தூண்டல் அனுப்புவதால் வருவது. பிடித்த நிமிடத்தில் முழங்காலை நீட்டி, பாதத்தை முகம் நோக்கி இழுத்துப் பிடியுங்கள். சிறுநீர் பெருக்கும் மாத்திரை சாப்பிடுகிறவரானால் அதை மருத்துவரிடம் சொல்லுங்கள். இதற்காக க்வினைன் வாங்கிச் சாப்பிடாதீர்கள். ரத்தத் தட்டணுக்களைக் குறைக்கும், இதயத் துடிப்பின் லயத்தையும் கெடுக்கும்.

ரத்தக் கால்சியம் (பொதுவாக டெசிலிட்டருக்கு 8.5 முதல் 10.5 மில்லிகிராம்) நிஜமாகவே இறங்கினால் அறிகுறி வேறு மாதிரி இருக்கும். உதட்டைச் சுற்றியும் விரல் நுனிகளிலும் ஊசி குத்தும், கைவிரல்கள் குவிந்து இழுக்கும். தைராய்டு அறுவைக்குப் பிறகு இப்படி வந்தால் காத்திருக்கக் கூடாது. பதற்றத்தில் வேகவேகமாக மூச்சு வாங்குகிறவர்களுக்கும் இது வரும். அப்போது மொத்தக் கால்சியம் குறைவதில்லை. ரத்தத்தின் காரத்தன்மை ஏறுவதால் கட்டற்றுத் திரியும் கால்சியம் ஆல்புமின் என்னும் ரத்தப் புரதத்தோடு போய் ஒட்டிக்கொள்கிறது. பரிசோதனைத் தாளில் மொத்த அளவு மட்டும் இருந்தால் இது தெரியாது.

கேள்வி: இழைக்குள் கால்சியம் என்னதான் செய்கிறது?

ஓய்வில் இருக்கும் இழையின் உட்திரவத்தில் கால்சியம் லிட்டருக்கு 50 முதல் 100 நானோமோல்தான். வெளியே இருப்பதில் ஏறக்குறைய பத்தாயிரத்தில் ஒரு பங்கு. இழைக்குள் ஓடும் சார்கோபிளாச வலை என்னும் பைகளில் மட்டும் அது குவிந்து கிடக்கிறது. நரம்பின் கட்டளை வந்ததும் மின்தூண்டல் குறுக்குக் குழாய்கள் வழியாக உள்ளே பாய்கிறது. குழாயின் சுவரில் மின்னழுத்தத்தை உணரும் புரதம் அசைந்து, எதிரே பையின் வாயிலில் நிற்கும் ரயனோடின் ஏற்பியைத் திறந்துவிடுகிறது. சில மில்லிநொடிகளில் கால்சியம் பல பத்து மடங்கு ஏறி ட்ரோபோனின் என்னும் புரதத்தில் உட்காரும். வழியை மறைத்திருந்த ட்ரோபோமையோசின் விலக, மயோசின் என்னும் இழுக்கும் புரதம் ஆக்டின் என்னும் புரத இழையைப் பற்றி இழுக்கும்.

திறந்துவிட ஆற்றல் ஏறக்குறைய தேவையில்லை. திரும்ப உள்ளே ஏற்றத்தான் செலவு: செல்லின் எரிபொருளான ஏ.டி.பி. ஒன்றுக்கு இரண்டு கால்சியம் அயனி என்பது பையின் பம்பு கேட்கும் கூலி. சுருங்குவதற்கு மட்டுமல்ல, தளர்வதற்கும் தசைக்கு ஆற்றல் வேண்டும். இறந்த உடல் விறைப்பது ஏ.டி.பி. தீர்ந்துபோவதால்தான்.

கேள்வி: கடும் பயிற்சியில் தசை ஓய்ந்துபோவது லாக்டிக் அமிலத்தால்தானே?

இல்லை. இந்த நம்பிக்கை மட்டும் சாகமாட்டேன் என்கிறது. அமிலம் தசையின் விசையை வெகுவாகக் குறைப்பதாகக் காட்டிய பழைய சோதனைகள் குளிர்ந்த வெப்பநிலையில் நடந்தவை. உடல் வெப்பநிலையில் அந்த விளைவு சொற்பம். ரத்தத்தில் அந்த அமிலத்தின் வடிவமான லாக்டேட் சுமார் ஒரு மணி நேரத்தில் பழைய அளவுக்கு வந்துவிடும். இரண்டாம் நாள் வலிக்கு அதன் மேல் பழி போட முடியாது.

எலியின் ஒற்றைத் தசை இழையைத் திரும்பத் திரும்பத் தூண்டிப் பார்த்தால் நடப்பது தெரியும். முதலில் கால்சியம் கொஞ்சம் ஏறினாலும் விசை ஓரளவு இறங்கும். பிறகு சிறிது நேரம் நிலையாக ஓடும். கடைசியில் வெளிவரும் கால்சியம் சரிய, விசையும் கூடவே சரியும். அந்தக் கட்டத்தில் கரைசலில் காஃபீனை ஊற்றினால் வாயில்கள் மீண்டும் நன்றாகத் திறந்து, விசை பெருமளவு திரும்பிவிடுகிறது. பழுது இழுக்கும் இயந்திரத்தில் இல்லை, கால்சியம் வெளிவருவதில் இருக்கிறது.

இதற்கு இரண்டு காரணங்கள் வலுவானவை. தசையின் அவசர ஆற்றல் சேமிப்பான கிரியேட்டின் பாஸ்பேட் உடைந்து குவியும் பாஸ்பேட் பைக்குள் நுழைந்து கால்சியத்தோடு சேர்ந்து படிந்துவிடுகிறது, படிந்தது வெளிவராது. இன்னொன்று, வாயிலை ஒட்டியிருக்கும் கிளைகோஜன் (தசையில் சேமித்த மாவுச்சத்து) தீர்வது. 90 நிமிடத்துக்கு மேல் நீளும் ஓட்டத்தில் மணிக்கு 30 முதல் 60 கிராம் மாவுச்சத்து எடுக்கச் சொல்வதில் இதற்கும் பங்குண்டு. அடுத்த பயிற்சி எட்டு மணி நேரத்துக்குள் இருந்தால், முதல் நான்கு மணி நேரம் உடல் எடையில் கிலோவுக்கு மணிக்கு 1 முதல் 1.2 கிராம் வரை எடுக்கலாம்.

பலரைக் குழப்புவது மறுநாள் நிலைமை. தூக்க முடிந்த உச்ச எடை ஏறக்குறைய பழையபடி இருக்கும். படி ஏறினால் மட்டும் கால் கனக்கும். கால்சியத்துக்கும் விசைக்கும் உள்ள வரைகோடு நடுவில் செங்குத்து, உச்சியில் தட்டை. நொடிக்கு 100 தூண்டல் வந்தால் கால்சியம் தாராளமாக இருக்கும், கொஞ்சம் குறைந்தாலும் விசை அசையாது. நொடிக்கு 10, 20 தூண்டலில் நடக்கும் அன்றாட வேலையோ செங்குத்தான பகுதியில் இருக்கிறது. அங்கே சிறு குறைவும் பெரிய இழப்பு. இறக்கத்தில் ஓடுவது போல தசை நீண்டபடியே தாங்கும் பயிற்சிக்குப் பிறகு இது ஒரு நாளையும் தாண்டும். ஆகவே உச்ச எடையை மட்டும் சோதித்து 'தேறிவிட்டேன்' என்று முடிவுகட்டாதீர்கள்.

கேள்வி: அப்படியானால் காபி குடித்தால் தசையில் கால்சியம் கூடுமா?

கூடாது. சோதனைக் கரைசலில் இருப்பது மில்லிமோல் கணக்குக் காஃபீன். ரத்தத்தில் அந்த அளவு வந்தால் ஆள் பிழைக்கமாட்டார். கிலோவுக்கு 3 முதல் 6 மில்லிகிராம் எடுக்கும் வீரர்களுக்குக் கிடைக்கும் பலன் முக்கியமாக மூளையில் களைப்பை உணர்த்தும் அடினோசினைத் தடுப்பதால் வருவது.

கேள்வி: அண்ணனுக்கு அறுவையின்போது உடல் கொதித்து விறைத்தது. 'மாலிக்னன்ட் ஹைப்பர்தெர்மியா' என்று எழுதியிருக்கிறார்கள். எனக்கும் அறுவை வருகிறது. பயப்பட வேண்டுமா?

பயம் வேண்டாம், ஆனால் மயக்க மருத்துவரிடம் இதைத்தான் முதலில் சொல்ல வேண்டும். ரயனோடின் ஏற்பியில் பிறவிப் பிழை இருந்தால் செவோஃப்ளூரேன், ஐசோஃப்ளூரேன் போன்ற ஆவி மயக்க மருந்துகளும் சக்சினைல்கோலினும் வாயிலைத் திறந்த திறப்பாக விட்டுவிடும். பம்பு ஓயாமல் ஓட, ஏ.டி.பி. எரிந்து வெப்பமும் கரியமில வாயுவும் பெருகும், பொட்டாசியம் ஏறும். முதலில் தெரிவது மூச்சில் ஏறும் கரியமில வாயு. காய்ச்சல் பிறகுதான் வரும்.

இந்தப் பிழை உடன்பிறந்தவருக்கும் இருக்கும் வாய்ப்பு பாதிக்குப் பாதி. 'எனக்கு முன்பு மயக்கம் கொடுத்தபோது ஒன்றும் ஆகவில்லை' என்பது சான்றாகாது. பல முறை ஒன்றும் ஆகாமல் இருந்துவிட்டுப் பிறகு வந்தவர்கள் உண்டு. மரபணுப் பரிசோதனையில் ஒன்றும் தெரியாததும் முழு விடுதலை அல்ல. தொடைத் தசைத் துண்டைக் காஃபீனிலும் ஹாலோத்தேன் என்னும் ஆவி மயக்க மருந்திலும் வைத்துப் பார்க்கும் சோதனைதான் உறுதியானது. அதற்கு நேரமில்லை என்றால் ப்ரோபோஃபால், கெட்டமின், ரோக்யூரோனியம், மரப்பு ஊசி எல்லாம் உங்களுக்குப் பாதுகாப்பானவை.

மருத்துவமனையில் கேட்க வேண்டியது: இதற்கான மாற்று மருந்தான டான்ட்ரோலீன் கைவசம் இருக்கிறதா, எத்தனை குப்பி? முதல் வேளை கிலோவுக்கு 2.5 மில்லிகிராம். 70 கிலோ ஆளுக்கு 175, அதாவது 20 மில்லிகிராம் குப்பி ஒன்பது. ஒவ்வொன்றையும் 60 மில்லிலிட்டர் கிருமி நீக்கிய நீரில் கரைக்க வேண்டும், எளிதில் கரையாது. கலக்குவதற்கென்றே ஆள் வேண்டும். அடுத்தடுத்த வேளையும் தேவைப்படலாம், ஒரு குப்பி இருப்பதால் பயனில்லை. டான்ட்ரோலீனோடு வெரபாமில், டில்டியாசெம் என்னும் இதய மருந்துகளைக் கொடுக்கக் கூடாது.

கேள்வி: வேகமாகப் படி ஏறினால் கால் விறைத்து, உடனே தளர மறுக்கிறது. குளிரில் அதிகம். வலி பெரிதாக இல்லை.

இரண்டு சந்தேகங்கள். திரும்பத் திரும்பச் செய்யச் செய்ய விறைப்பு விட்டுப்போனால் மயோடோனியா (சுருங்கிய தசை உடனே தளராத நோய்) வகை. செய்யச் செய்ய அதிகமானால் ப்ரோடி நோயை நினைக்கலாம்: கால்சியத்தைத் திரும்ப ஏற்றும் பம்பு மந்தமாக இருப்பது, அரியது. தசை மின்பதிவு பிரித்துக்காட்டும். மயோடோனியாவில் ஊசி வைத்ததும் மின்சலசலப்பு கேட்கும்; ப்ரோடியில் தசை விறைத்திருக்கும், பதிவு அமைதியாக இருக்கும். நரம்பியல் மருத்துவரிடம் போகும்போது எந்த அசைவில், எத்தனையாவது தடவையில், எத்தனை நொடி விறைக்கிறது என்று எழுதி எடுத்துப் போங்கள்.