பன்னிரண்டு மணிக்குள் மோதிரம்: வாசகர் கேள்வி–பதில்

விக்டோரியா காலத்து இங்கிலாந்துத் திருமணங்கள் பற்றி வந்த கேள்விகளில் சில.

கேள்வி: அந்தக் காலக் கல்யாண விருந்துக்கு மதியம் பரிமாறினாலும் 'காலை உணவு' என்றே பெயர். ஏன்?
– வாசகி, நாகர்கோவில்

பதில்: கல்யாணமே காலையில்தான் நடக்க முடியும், முடிந்த கையோடு விருந்து. 8 மணிக்கும் நண்பகல் 12 மணிக்கும் இடையில் மட்டுமே ஆலயத்தில் திருமணம் நடத்தலாம் என்பது சட்டம். தெரிந்தே நேரம் தவறி நடத்திவைத்த குருவானவருக்கு 1823-ஆம் ஆண்டுச் சட்டப்படி 14 ஆண்டு நாடுகடத்தல். மணப்பெண் தாமதித்தால் மாப்பிள்ளையைவிடக் குருவானவருக்குத்தான் அதிகம் வியர்த்திருக்கும்! 1886-இல்தான் பிற்பகல் 3 மணி வரை நீட்டினார்கள். கேன்டர்பரி பேராயர் தரும் சிறப்பு லைசென்ஸ் இருந்தால் நேரமும் இடமும் நம் விருப்பம். ஆனால் அது பெரிய இடத்துச் சமாச்சாரம்.

கேள்வி: நம் சபைகளைப் போல அங்கும் மூன்று ஞாயிறு ஆலயத்தில் ஓலை (திருமண அறிவிப்பு) வாசித்தார்களா? அப்படியானால் பெற்றோருக்குத் தெரியாமல் எப்படிக் கல்யாணம் செய்துகொண்டார்கள்?
– வாசகர், பாளையங்கோட்டை

பதில்: ஆமாம், மூன்று ஞாயிறு. இருவரும் வேறு வேறு சேகரம் (ஓர் ஆலயத்துக்கு உட்பட்ட பகுதி) என்றால் இரண்டு ஆலயங்களிலும் வாசிக்க வேண்டும். வாசித்து முடித்த மூன்று மாதத்துக்குள் கல்யாணம் நடக்காவிட்டால் மறுபடி முதலிலிருந்து.

ஓட்டை எங்கே என்றால், 21 வயது நிரம்பாதவருக்கு ஓலை வாசிக்கும்போது பெற்றோர் சம்மதத்தைக் காட்ட வேண்டியதில்லை. அவர்கள் ஆலயத்தில் எழுந்து வெளிப்படையாக மறுத்தால் மட்டுமே அந்த வாசிப்பு செல்லாது. ஆகவே ஊரில் வாசிக்காமல், யாருக்கு யார் என்றே தெரியாத லண்டன் சேகரம் ஒன்றில் வாசிக்கச் செய்தார்கள். அங்கே குடியிருக்கவில்லை என்பது பிறகு தெரிந்தாலும், நடந்த கல்யாணம் கலையாது. ஆனால் இருவரும் அறிந்தே பொய்ப் பெயர் கொடுத்து ஓலை வாசிக்கவைத்தால் திருமணமே செல்லாது. அவசரப்பட்டவர்கள் பலர் மாட்டிக்கொண்டது இதில்தான்.

ஓலை வேண்டாம் என்போர் சாதாரண லைசென்ஸ் வாங்கலாம். அதற்கு இருவரில் ஒருவர் அந்தச் சேகரத்தில் 15 நாள் குடியிருந்ததாகச் சத்தியம் செய்ய வேண்டும். வயது குறைவென்றால் பெற்றோர் சம்மதமும் தேவை. ஆலயமே வேண்டாம் என்றால் 1837 ஜூலை 1 முதல் பதிவாளர் அலுவலகம் இருந்தது. பெற்றோர் சம்மதமின்றி மணம் முடிக்க, ஸ்காட்லாந்து எல்லையில் உள்ள கிரெட்னா கிரீன் ஊருக்கு ஓடுவது 1856-ஆம் ஆண்டுச் சட்டத்தோடு கடினமாயிற்று: இருவரில் ஒருவராவது ஸ்காட்லாந்தில் வழக்கமாகக் குடியிருப்பவராக இருக்க வேண்டும், அல்லது முன்னதாக 21 நாள் அங்கே தங்கியிருக்க வேண்டும். துரத்தி வரும் அப்பாவுக்கு அந்த அவகாசம் தாராளம்.

கேள்வி: எல்லா மணப்பெண்களும் வெள்ளை உடுத்தினார்களா?
– வாசகி, மதுரை

பதில்: இல்லை. 1840 பிப்ரவரி 10 அன்று தன் கல்யாணத்துக்கு விக்டோரியா ராணி வெள்ளை சாட்டினில், ஹானிட்டன் என்ற ஊர் பெயர் கொண்ட கைப்பின்னல் லேஸோடு, ஆரஞ்சுப் பூ மாலை சூடி வந்த பிறகு பணக்காரர்களிடம் அது பரவியது. ஏழைப் பெண் தன் நல்ல உடையில் ஒன்றை உடுத்தினாள். பழுப்போ நீலமோ, பிறகு ஞாயிற்றுக்கிழமை ஆலயத்துக்கும் அதுதான். ராணியே அந்த லேஸை வேறு உடைகளில் வைத்து மறுபடி அணிந்தவர். மறுமணம் செய்த விதவைகள் வெள்ளையும் முக்காடும் தவிர்த்துச் சாம்பல், வெளிர் ஊதா நிறங்களை உடுத்தினார்கள்.

கேள்வி: பெண்ணின் சொத்து யாருக்குப் போனது?
– வாசகர், திருச்சி

பதில்: மோதிரம் மாட்டிய கணமே அவளுடைய ரொக்கம், நகை, சாமான், சம்பளம் எல்லாம் கணவனுடையவை. நிலத்தை மட்டும் அவள் சம்மதமின்றி விற்க முடியாது; வருமானம் அவனுக்கே. 1870-ஆம் ஆண்டுச் சட்டம் அவள் உழைத்துச் சம்பாதித்ததை அவளிடமே விட்டது. 1882-ஆம் ஆண்டுச் சட்டம், 1883 ஜனவரி 1 முதல், சொத்து முழுவதையும் அவள் பெயரில் வைத்துக்கொள்ள வழிசெய்தது. வசதியுள்ள அப்பாக்கள் அதற்கு முன்பே மகளின் பணத்தை டிரஸ்டிகள் பொறுப்பில் விட்டுப் பத்திரம் எழுதினார்கள். அதில் கையெழுத்து கல்யாணத்துக்கு முன்னால் விழ வேண்டும். மறுநாள் எழுத உட்கார்ந்தால், பணம் ஏற்கெனவே மாப்பிள்ளையுடையது.