'வேண்டாம்'னு சொன்னது யாரு?

கேள்வி: எனக்கு 58 வயசு. காரமடையில இருந்து கல்யாணமாகி கோத்தகிரிக்கு வந்தவ, ரெண்டு ஏக்கர் தேயிலை இருக்கு. ஈர விறகைப் பத்தவெக்கக்கூட என் மாமியார்தான் பக்கத்துல உக்காந்து சொல்லிக்குடுத்தாங்க. பையன் ஜெர்மனியில வேலை பாக்குறான், அங்கேயே ஒரு ஜெர்மன் பொண்ணைக் கட்டிக்கிட்டான், லீவுக்கு வந்து மூணு வாரமாச்சு. கத்துக்கிட்ட கொஞ்சத் தமிழ்ல என்னையும் அவரையும் 'நீ'ங்கறா. வந்த மறுநாள் ஏதாவது செய்யட்டுமான்னு கேட்டா, நான் ஒண்ணும் வேண்டாம் போய் உக்காருன்னேன், உக்காந்தவதான், இன்னிக்கு வரைக்கும் ஒரு டம்ளர் கழுவல. இவளா எங்களைக் கடைசி காலத்துல பாக்கப்போறா?

பதில்: தங்கச்சி, கடைசி காலம் இருக்கட்டும், அந்த மறுநாளுக்கு வாங்க. 'வேண்டாம்'னு சொன்னது யாரு? போற போக்குல ஒரு வரி எழுதிட்டு நகர்ந்துட்டீங்க, என்னால அந்த வரியைத் தாண்ட முடியல.

நம்ம ஊர்ல வேண்டாம்னா இன்னொரு தடவை கேளுன்னு அர்த்தம். விருந்துல போதும் போதும்னு இலைக்கு மேல கையை வெச்சு மறைப்போம், அதையும் மீறி அவங்க ஒரு கரண்டி போடணும், போடலைன்னா திரும்பி வர்ற பஸ்லயே அந்த வீட்டைப் பத்தி பேச்சு ஓடும். அந்தப் பொண்ணும் உங்க கையில இருந்து பாத்திரத்தைப் பிடுங்கிக் கழுவும்னு நெனச்சீங்க, காரமடைப் பொண்ணா இருந்தா பிடுங்கியிருக்கும், ஆனா இவ வளர்ந்த ஊர்ல வேண்டாம்னா வேண்டாம்தான், அதுக்கு மேலயும் கிச்சனுக்குள்ள போய் நின்னா உங்க பேச்சை மதிக்கலைன்னு ஆயிடும். எட்வர்ட் டி. ஹால்னு ஒரு அமெரிக்க மானுடவியலாளர் 1976-லயே இதை எழுதியிருக்கார், சில ஜனங்க பாதியை வாயில சொல்லி மீதியை முகத்துலயும் உறவுலயும் வெச்சிருப்பாங்க, சில ஜனங்க வாய்விட்டு சொன்னதை மட்டும்தான் எடுத்துக்குவாங்க, ஜெர்மன்காரங்க ரெண்டாவது பக்கம்னு. நீங்க சொன்னதை அவ அப்படியே கேட்டிருக்கா. மூணு வாரமா அதுக்குத்தான் அவமேல கோவமா இருக்கீங்க.

'நீ' விஷயம் அவ்ளோ பெருசில்ல. ஜெர்மன்லயும் நீ, நீங்கன்னு ரெண்டு இருக்கு, டூ-ன்னா நீ, ஸீ-ன்னா நீங்க. கடையில ஆபீஸ்ல தெரியாத ஆளுக்கு ஸீ, வீட்டு மனுஷங்களுக்கு டூ. உங்க பையன் உங்களை என்னன்னு கூப்பிடுறான், 'அம்மா நீ சாப்ட்டியா'ன்னுதானே? மாமனாரை மட்டும் நீங்கன்னு சொல்லும்மான்னு நேரா சொல்லிடுங்க.

எனக்கு உங்க பையன் மேலதான் ஆத்திரம் வருது. ரெண்டு பாஷையும் ரெண்டு ஊர் வழக்கமும் தெரிஞ்ச ஒரே ஆள் அவன், எங்கம்மா வேண்டாம்னா வான்னு அர்த்தம்னு பொண்டாட்டி காதுல ஒரு வார்த்தை போட்டிருந்தா இந்த லெட்டரே வந்திருக்காது. கடைசி காலத்துல உங்களைப் பாக்கறதும் பெத்த பிள்ளையோட கடமைதான், அதைக் கொண்டுபோய் வந்து மூணு வாரமான பொண்ணு தலையில ஏத்தாதீங்க.

அவ வேலை செய்ய வேண்டாம்னு நான் சொல்ல மாட்டேன். உக்காந்த இடத்துல சாப்பிட்டு எந்திரிச்சுப் போக அது லாட்ஜ் இல்ல, அந்த வீட்டு மருமக கை அந்த அடுப்படியில படணும். ஆனா கூப்பிட வேண்டியது மூத்தவங்க. உங்க மாமியார் காரமடைப் பொண்ணுக்கு ஈர விறகெல்லாம் தெரியாதுன்னு திண்ணையில உக்காந்து குறை சொல்லிட்டு இருக்கல, அடுப்பு பக்கத்துல வந்து உக்காந்தாங்க. அந்த அம்மாகிட்ட வாங்கினதை நீங்க யாருக்குக் குடுத்தீங்க?

நாளைக்குக் காலையில ஒரு கிலோ பீன்ஸை அவ முன்னாடி கொட்டி, நார் எடுத்துக் குடும்மான்னு கேளுங்க, எப்படி எடுக்கறதுன்னு ரெண்டு காய்ல காட்டிக் குடுங்க, பக்கத்துலயே உக்காருங்க. பையன் போனைக் கீழ வெச்சுட்டு தேங்காய் துருவட்டும்.